உங்களுக்காக வசதி செய்துகொண்டிருக்கிறார்

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, படியேறி, தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். பாவம், அதே ஊரில் சீட்டில்லாமல் பார்க்கக்கூடிய இன்னொரு உயிரினம் இருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. பல்லி கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும், இது நாற்காலியில். இரண்டு கணினித் திரைகளுக்கு நடுவில் தலை மட்டும் தெரியும். தொட்டுப் பார்த்தால் தோஷம் எதுவும் போகாது. உங்களுக்கு ஒரு புது வேலை வந்து சேரும். இந்த உயிரினத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர், வசதி செய்து தருகிறவர்.

தெரியாது என்று சொல்லாதீர்கள். உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் நல்ல மனுஷன் தருவான், கெட்ட மனுஷன் இல்லை என்பான். இவர் இரண்டும் செய்ய மாட்டார். 'இன்னைக்கு நீங்க கேக்கறீங்க, நாளைக்கு இன்னொருத்தர் கேப்பாரு' என்று தொடங்கி, சுவரெல்லாம் இடித்து, வீடு முழுக்கக் குழாய் போட ஏற்பாடு செய்வார். குழாய் போடுவதற்காக, இருக்கிற தண்ணீரை நிறுத்துவார். நீங்கள் வறண்ட வாயோடு நிற்பீர்கள். உங்கள் தாகத்துக்காகத்தானே இத்தனையும் நடக்கிறது? கோபித்துக்கொள்ளவும் முடியாது.

இந்த இனம் கல்யாண வீட்டில் உண்டு, கோயில் உற்சவக் கமிட்டியில் உண்டு. ஆனால் நன்றாகக் கொழுத்து வளர்வது மென்பொருள் கம்பெனியில்தான். ஏனென்றால் அங்கே இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். நான் நெருக்கத்தில் பார்த்தது பிரேம்நாத் அண்ணனை.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி. முதலாளி துரைக்கண்ணு. நெல் அறுக்கிற மிஷின்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர், மகன் பேச்சைக் கேட்டு மென்பொருளில் இறங்கி, மகன் கனடா போய்விட்டதால் அதிலேயே மாட்டிக்கொண்டவர். மூன்று குழுக்கள். ஒன்று பட்டுக்கடைகளுக்கு எழுதும், ஒன்று கல்யாண மண்டபங்களுக்கு, இன்னொன்று சின்னச் சின்ன கிளினிக்குகளுக்கு. நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். எல்லாரும் செய்ததை உடைத்துப் பார்த்துக் குறை சொல்வதுதான் என் வேலை. சின்ன வயதிலிருந்து அடி வாங்கிக்கொண்டு செய்ததை இப்போது சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறேன்.

எழுதிய மென்பொருளைக் கடைக்காரர் பயன்படுத்தும் இயந்திரத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும் அல்லவா? அதற்கு எங்களிடம் இருந்த ஒரே வழி துரைக்கண்ணுவின் பழைய மடிக்கணினி. அதில்தான் எல்லா வாடிக்கையாளர்களின் இயந்திரங்களையும் திறக்கிற கடவுச்சொல் சாவிகள் இருந்தன. யாருக்கு அவசரமோ அவர் அதைத் திறந்து, நகலெடுத்து, போட்டுவிட்டு வருவார். ஒருநாள் யாரோ மண்டபத்து மென்பொருளைக் கிளினிக்கில் போட்டுவிட்டார்கள். காய்ச்சலோடு வந்தவர்களிடமெல்லாம் திரை 'மாப்பிள்ளை வீடா, பெண் வீடா?' என்று கேட்டது. ஒரு பெரியவர் பெண் வீடு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

அன்றைக்கு எழுந்தார் பிரேம்நாத். இனிமேல் எந்தக் குழு எதை அனுப்பினாலும் தானாகச் சரிபார்த்து, சரியான இடத்தில் கொண்டுபோய் வைக்கிற ஒரு தளத்தைக் கட்டப்போவதாகச் சொன்னார். நியாயம்தானே? எல்லாரும் கை தட்டினோம். இந்த இனத்தின் தனிச்சிறப்பே அதுதான், தொடங்குகிற இடம் எப்போதும் நியாயமாகவே இருக்கும்.

அடுத்து, இதை நமக்குள்ளேயே பூட்டி வைக்கக்கூடாது, எழுதியதை வரிக்கு வரி உலகத்துக்கே திறந்து வைக்கவேண்டும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்றார். கஷ்டப்பட்டுச் செய்ததை எதற்கப்பா சும்மா கொடுக்கவேண்டும் என்று துரைக்கண்ணு முறைத்தார். உலகம் பூராவிலிருந்தும் ஆட்கள் வந்து நமக்குச் சும்மா வேலை செய்வார்கள் சார் என்று பதில் வந்தது. முதலாளியின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. தாராளமாகத் திறந்து வைக்கச் சொன்னார்.

தளத்துக்குக் 'கோர்வை' என்று பெயர். சேலையின் உடலையும் கரையையும் வேறுவேறு நிறத்தில் நெய்து, இழைக்கு இழை பிணைக்கிறார்களே, அந்தக் கோர்வை. பெயர் வைத்ததற்கு எல்லாரும் பாராட்டினார்கள். அதன் பிறகு பாராட்ட நேரமில்லாமல் போய்விட்டது. பிணைக்கவேண்டிய கோர்வைக்குள் எதையும் நுழைக்கவே முடியவில்லை.

எங்கள் ஊரில் பெருமாள் புறப்பட்டால் நேராகப் போய்த் திரும்பிவிட மாட்டார். வழியில் மண்டபத்துக்கு மண்டபம் நிற்பார், அங்கங்கே ஒரு கற்பூரம், ஒரு மாலை, ஒரு சுண்டல். பெருமாளுக்கு அது அழகு. அவருக்கு எந்த அவசரமும் இல்லை. பிரேம்நாத் கோர்வையையும் அப்படியே கட்டினார். நீங்கள் எழுதியது கிளம்பினால் முதல் மண்டபத்தில் எழுத்து நடை சரியா என்று பார்க்கும். இரண்டாவதில் பாதுகாப்பு. அடுத்ததில், இதை ஏன் எழுதினீர்கள் என்று ஒரு கட்டுரை. அதற்கடுத்ததில் வேறு குழுவைச் சேர்ந்த ஒருவரின் ஒப்புதல். இத்தனையும் தாண்டினால் கடைசியில் தளக் குழுவின் ஒப்புதல். தளக் குழு என்றால் யார்? பிரேம்நாத்.

வேறு யார்? அவர் மட்டும்தான். ஆனால் 'நான்' என்று சொல்லவே மாட்டார். தளக் குழு முடிவு பண்ணியிருக்குது, தளக் குழு யோசிச்சிக்கினு இருக்குது என்பார். செவ்வாய்க்கிழமைகளில் தளக் குழுக் கூட்டம் என்று தனக்குத்தானே அழைப்பு அனுப்பிக்கொண்டு, உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார். ஒருநாள் அந்தக் கூட்டத்துக்கும் தாமதமாகத்தான் போனார்.

இந்த இனத்தை அடையாளம் காண இன்னும் சில குறிகள் சொல்கிறேன். 'ஒரே ஒரு க்ளிக்தான்' என்பார், அந்த க்ளிக்குக்கு முன்னால் என்னென்ன இருக்கிறது என்பதைச் சொல்ல மாட்டார். 'இன்னைக்கு மூணு டீமு, நாளைக்கு முந்நூறு டீமு' என்பார், அந்த முந்நூறும் மாடிப்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிற மாதிரி வாசலைப் பார்ப்பார். நம்முடைய கஷ்டத்தைச் சொன்னால், 'உங்க பிரச்சினையைப் பொதுவா யோசிங்க' என்பார். பல் வலிக்கிறவனிடம், உலகத்தில் எல்லாருடைய பல்லையும் யோசி என்கிற மாதிரி. ரயிலே வராத ஸ்டேஷனுக்குக்கூட இவர் நடைமேடை கட்டி, கூரை போட்டு, உட்கார பெஞ்சும் வைத்துவிடுவார். பெஞ்சில் எழுதியிருக்கும், 'உங்கள் வசதிக்காக' என்று.

சும்மா இருக்குமா என் கை? தயிர்சாதம் என்று பெயர் வைத்து ஒரு மென்பொருளைக் கோர்வைக்குள் அனுப்பினேன். அதற்குள் ஒன்றுமே கிடையாது. ஒரு வரிகூட இல்லாத வெறும் பாத்திரம். எழுத்து நடையில் குறையில்லை, எழுத்தே இல்லையே. பாதுகாப்பிலும் குறையில்லை. ஏன் எழுதினாய் என்ற கட்டுரைக்கு, மக்கள் நலனுக்காக என்று போட்டேன். மண்டபத்துக்கு மண்டபம் பச்சை விளக்கு, தளக் குழுவும் திறந்து பார்க்காமலே ஒப்புதல் கொடுத்துவிட்டது. கோர்வை வழியாகத் தடங்கல் இல்லாமல் கடைசி வரை போய்ச்சேர்ந்த முதல் மென்பொருள் அதுதான். பிரேம்நாத் அண்ணன் துரைக்கண்ணுவை அழைத்து வந்து காட்டினார். கீழே போய் எல்லாருக்கும் கோயில் இட்லி வாங்கி வந்தார். பாத்திரத்தில் என்ன இருந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். இட்லியைப் போட்டு மூடிக்கொண்டேன்.

இப்போது முதல் மண்டபத்துக்கும் முன்னால் இருக்கிற வாசலைச் சொல்லவேண்டும். கோர்வைக்குள் நுழைய உங்கள் பெயரைப் பதிய வேண்டும். இரண்டு கட்டம். ஒன்றில் பெயர், ஒன்றில் குடும்பப்பெயர். நம்மில் யாருக்கு ஐயா குடும்பப்பெயர் இருக்கிறது? அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டால், ஒரே எழுத்து செல்லாது என்று தள்ளிவிடும். ஆகவே ஆளாளுக்கு ஒரு குடும்பத்தை உண்டாக்கிக்கொண்டோம். எஸ்தர் அக்கா, தான் குடியிருக்கும் பிள்ளையார்பாளையத்தைப் போட்டார். துரைக்கண்ணு, ஓனர் என்று போட்டார். நான் 'சும்மா' என்று போட்டேன். அன்றிலிருந்து கோர்வை எனக்கு அனுப்பிய கடிதமெல்லாம் 'அன்புள்ள சும்மா அவர்களுக்கு' என்றுதான் தொடங்கியது.

எஸ்தர் அக்காதான் பட்டுக்கடைக் குழு. அவரும், பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லும் நானும். இந்த இனிஷியல் விஷயத்தைச் சரிசெய்து கொடுங்கள் என்று முதலில் கேட்டவரே அவர்தான். பட்டியலில் போட்டிருக்கிறேன் என்றார் பிரேம்நாத். அந்தப் பட்டியலில் போனது எதுவும் உயிரோடு திரும்பியதில்லை.

முன்பு எஸ்தர் அக்கா சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் இருந்தவர். கம்பெனி பஸ் விடிவதற்குள் வந்து ஏற்றிக்கொள்ளும், பிள்ளை தூங்கியபின் இறக்கிவிடும். 'எம் பொண்ணு என்னை, ஞாயித்துக்கெழமை வர்ற சொந்தக்காரின்னு நெனச்சிக்கினு இருந்தா' என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். கூடச் சிரிக்க முடியவில்லை. அங்கே வாங்கியதில் பாதிச் சம்பளத்துக்கு இங்கே வந்தார். மத்தியானம் நடந்துபோய்ப் பள்ளிக்கூட வாசலில் மகளுக்குச் சோறு ஊட்டிவிட்டு வருவார். அந்த நடைக்காகத்தான் இந்த வேலை.

காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கும் காசிநாதனுக்காக ஒரு டோக்கன் முறை எழுதிக்கொண்டிருந்தார் அக்கா. முகூர்த்தக் காலத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சேலை எடுக்க ஒரு பஸ் ஜனம் வரும். பெண், பெண்ணின் அம்மா, மூன்று அத்தை, அத்தைகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர். யார் முதலில் வந்தது, யார் பாயில் முதலில் உட்காருவது என்று அடிதடி. வந்ததும் ஒரு எண் கொடுத்து, டிவியில் காட்டிக் கூப்பிட்டால் சண்டை இருக்காது. எழுதி முடித்து, நான் உடைத்துப் பார்த்து, அவர் ஒட்டி, எல்லாம் தயார். ஆவணி முதல் ஞாயிறு கூட்டம் வரும், அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் ஓடவேண்டும், இல்லாவிட்டால் சென்னைக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று காசிநாதன் சொல்லிவிட்டார்.

துரைக்கண்ணு அதை எஸ்தர் அக்காவிடம் சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மிஷினு ஓடலன்னா டிரைவருக்கு வேலை இல்லதானம்மா. இப்ப நம்ம கையில பட்டுக்கடைன்னு இருக்கறது அந்த ஒண்ணுதான்."

அக்கா தலையாட்டினார். பழைய கம்பெனி பஸ் எந்த நேரத்துக்கு வரும் என்பது அவருக்கு மறந்திருக்காது.

இதற்கு நடுவில் பிரேம்நாத் என்ன செய்துகொண்டிருந்தார்? ஐஸ்லாந்துக்கு வசதி செய்துகொண்டிருந்தார்.

ஆமாம். உலகத்துக்குத் திறந்து வைத்த கோர்வையை ஒரே ஒருவர் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். அவர் பெயர் தெரியாது, 'டி நாற்பத்தாறு' என்று ஒரு புனைபெயர். சுத்தமான ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்பார். பதில்கள் எப்போதும் விடியற்காலையில் வரும். அந்த நேரத்தையெல்லாம் வைத்துக் கணக்குப் போட்ட பிரேம்நாத், ஆள் ஐஸ்லாந்து பக்கம் என்று முடிவுகட்டி, அந்த நாட்டு நேரம் காட்டும் கடிகாரம் ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டார். டி நாற்பத்தாறு தும்மினால் இவர் ஸ்வெட்டர் அனுப்பத் தயார். ஒரு வார்த்தை கேட்டால் மூன்று பக்கம் பதில், படங்களோடு. அந்தப் பக்கத்து நாற்காலியில் எஸ்தர் அக்கா 'பிரேம், பிரேம்' என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார். இவர் திரும்பாமலே ஒரு விரலை உயர்த்திக் காட்டுவார். அந்த விரல் மத்தியானம் வரை இறங்காது.

அந்த டி நாற்பத்தாறு ஒருநாள் கேட்டது, எங்கள் பக்கத்தில் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயரை வைத்துத்தான் ஆளை அறிவோம், அந்தக் கட்டத்தை எடுத்துவிட முடியுமா என்று. பிரேம்நாத் புல்லரித்துப் போனார். ஐஸ்லாந்தில் அப்பா பெயரைத்தான் வைத்துக்கொள்வார்கள், நான் படித்திருக்கிறேன் என்று ஒவ்வொரு நாற்காலியாக வந்து சொன்னார். நம்மை மாதிரியே பார்த்தாயா என்று வியந்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை அந்த வசதியை முடித்தார். தான் கட்டிய வழியில்தான் தானும் போகவேண்டும் என்பது அவர் கொள்கை. உயர்ந்த கொள்கை. ஆகவே கோர்வையில் செய்த மாற்றத்தைக் கோர்வை வழியாகவே கோர்வைக்குள் அனுப்பினார். போய்ச்சேர்ந்தது. எல்லாருடைய குடும்பப்பெயரையும் அழித்தது. பிள்ளையார்பாளையம் போயிற்று, ஓனர் போயிற்று, சும்மாவும் போயிற்று. ஆனால் வாசலில் நிற்கும் காவலுக்குப் பெயரும் குடும்பப்பெயரும் சேர்ந்திருந்தால்தான் எங்களைத் தெரியும். மறுநாள் காலையில் டோக்கன் மென்பொருளை அனுப்ப எஸ்தர் அக்கா வாசலுக்குப் போனார்.

'தாங்கள் யாரென்று தெரியவில்லை. தளக் குழுவை அணுகவும்' என்றது கோர்வை.

தளக் குழு சிரித்துக்கொண்டே எழுந்து வந்தது. ஒரு நிமிஷம் என்றது. அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து தன் பெயரைக் கொடுத்தது. தாங்கள் யாரென்று தெரியவில்லை, தளக் குழுவை அணுகவும். தளக் குழு தன்னைத்தானே அணுகி, ஒப்புதல் கேட்டுத் தனக்கே கடிதம் அனுப்பியது. கடிதம் வந்தது. ஒப்புதல் கொடுக்கப் போனது. தாங்கள் யார்?

வாசலைச் சரிசெய்யலாம். ஆனால் சரிசெய்ததை உள்ளே கொண்டுபோக அந்த வாசல் வழியாகத்தான் போகவேண்டும். வாடிக்கையாளர் இயந்திரங்களின் சாவி இருக்கிறதே என்றால், சாவியெல்லாம் பத்திரமாகக் கோர்வைக்குள் ஒரு பெட்டகத்தில் இருக்கிறது. துரைக்கண்ணுவின் பழைய மடிக்கணினி? ஆடிப்பெருக்கு அன்று அதற்குக் குங்குமம் வைத்து, கொல்லைப்புற வழியை இன்றோடு மூடுகிறோம் என்று பேசி, எல்லாவற்றையும் அழித்திருந்தார் பிரேம்நாத். இப்போது அதில் முதலாளியின் மகள் வயிற்றுப் பேரன் பொம்மைப்படம் பார்க்கிறான். புதிதாக ஓர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, கடை டிவியை அதோடு இணைக்கலாம். ஆனால் அதில் ஒவ்வொன்றாகக் கையால் அடுக்கி முடிக்க ஞாயிற்றுக்கிழமை கடந்துவிடும். எதை எங்கே வைக்கவேண்டும் என்ற விவரமெல்லாம் கோர்வைக்குள்ளேதான் இருந்தது.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? தலையில் கை வைப்போம். மன்னிப்புக் கேட்போம். வசதி செய்து தருகிறவர் என்ன செய்வார்? பிரேம்நாத் எழுந்து போய் வெள்ளைப் பலகையைத் துடைத்தார். இது நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு என்றார். ஆளை அறிகிற முறையையே அடியிலிருந்து யோசிக்கலாம் என்று சொல்லி, ஒரு கட்டம் போட்டார். அதற்குள் இன்னொரு கட்டம் போட்டார். இரண்டுக்கும் நடுவில் அம்புக்குறி.

துரைக்கண்ணு வாசலில் வந்து நின்றார். காசிநாதன் போன் பண்ணியிருக்கிறார் என்று அவர் முகமே சொன்னது.

"பிரேம்," என்றார் எஸ்தர் அக்கா. "எனக்கு இன்னைக்கு சாயங்காலம் வேணும்."

"உங்களுக்காகத்தான எஸ்தர் பண்ணிக்கினு இருக்கேன்."

"இதே இனிஷியலை நானும் கேட்டேன்." அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "நான் ஐஸ்லாந்துல இருந்திருந்தா அப்பவே செஞ்சிருப்பீங்க இல்ல?"

பலகையில் பேனா நின்றது. அம்புக்குறி பாதியில் நின்றது. அவர் போட ஆரம்பித்ததை முடிக்காமல் விட்டதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அக்கா காத்திருக்கவில்லை. கோர்வையின் வரிகளெல்லாம் ஊருக்குத் திறந்துதானே கிடக்கின்றன, அதிலிருந்து புது இயந்திரத்தை அடுக்குகிற பகுதியை மட்டும் பிய்த்து எடுக்கமுடியுமா என்று பார்க்கப் போனார். அங்கே கோர்வையின் இன்னொரு நகல் இருப்பது கண்ணில் பட்டது. யாரோ எடுத்து, மண்டபங்களையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு, நேர் வழி மட்டும் வைத்திருந்தார்கள். குடும்பப்பெயர்க் கட்டம் அதில் எப்போதோ போயிருந்தது. உரிமையாளர் டி நாற்பத்தாறு.

பிரேம்நாத் குனிந்து பார்த்தார். ஆசையாக எண்ணெய் வைத்துச் சடை பின்னி அனுப்பிய பிள்ளையை மொட்டைத் தலையோடு பார்க்கிறவர் முகம். 'எல்லாத்தையும் எடுத்துட்டாரா?' என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா டி நாற்பத்தாறுக்கு, ரொம்ப அவசரம், உதவ முடியுமா என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அனுப்பினார். ஐஸ்லாந்தில் அப்போது விடிந்திருக்குமா என்று பிரேம்நாத் சுவரைப் பார்ப்பதற்குள் பதில் வந்துவிட்டது. வெறும் போன் நம்பர். நம்ம நாட்டு நம்பர். அக்கா அந்த நம்பரைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டார்.

"அக்கா, சொல்லுங்கக்கா. நீங்க காஞ்சிபுரமா? நானு முசரவாக்கம்க்கா. திரிஷா."

முசரவாக்கம் எங்கள் மாடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரம். ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுக்கு ஆளேற்றிப் போகும் வேன்களுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சின்னக் கம்பெனியில் திரிஷா வேலை செய்கிறாள். முதல் ஷிப்டு வேன் விடியற்காலையில் கிளம்பும், அதனால்தான் அவளுடைய வேலையும் அந்த நேரத்தில். டி என்பது ஆங்கிலத்தில் அவள் பெயரின் முதலெழுத்து, நாற்பத்தாறு ஒரு வேனின் எண். ஆங்கிலத்தில் எழுதியது, அங்கே எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்களே என்று. கடிகாரத்தைக் கழற்றலாமா என்று நான் கண்ணால் கேட்டேன். அக்கா கண்ணால் அடித்தார்.

அக்கா நிலைமையைச் சொன்னார். திரிஷா அப்போதே புது இயந்திரம் ஒன்றை எடுக்கச் சொல்லி, என்ன அடிக்கவேண்டும் என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். துரைக்கண்ணு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிரேம்நாத் தள்ளி நின்றார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு இடத்தில் ஏதோ சிக்கிக்கொண்டு நகரவில்லை. எஸ்தர் அக்காவுக்கும் தெரியவில்லை, திரிஷாவுக்கும் தெரியவில்லை.

பிரேம்நாத் தொண்டையைச் செருமினார். மூன்றாவது வரியில் பழைய பெயர் இருக்கும், அதை மாற்றிவிட்டு மறுபடி ஓடவிடுங்கள் என்றார். மாற்றினார்கள். ஓடியது.

"யாருக்கா அது?" என்றாள் திரிஷா. "பிரேம்நாத் அண்ணனா?"

"ஆமாம்மா," என்றார் அவர், கூண்டில் நிற்கிறவர் மாதிரி.

"அண்ணா, உங்க கோர்வை இல்லன்னா நாங்க இன்னும் பென்டிரைவைத் தூக்கிக்கினு டெப்போ டெப்போவா சுத்திக்கினு இருப்போம். நன்றி சொல்லணும்னே இருந்தேன்ணா."

இவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். பிறகு கேட்டே விட்டார். "மண்டபம் எல்லாத்தையும் எடுத்துட்டியாம்மா?"

"ஒண்ணை வுட்டு வெச்சிருக்கேன்ணா."

"எது?"

"கடைசில 'நல்லபடியா போய்ச் சேர்ந்தது'ன்னு ஒரு வரி வருமே. அது எங்க டிரைவருங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிக்கும்."

அந்த வரி திரையில் வந்தது. 'நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது.' எஸ்தர் அக்கா நாற்காலியில் சாய்ந்து, முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று நான் எழுதிவைக்கிறேன். சாயங்காலம் காந்தி ரோட்டில், காசிநாதன் கடை டிவியில் எண்கள் ஓடின. ஞாயிற்றுக்கிழமை மூன்று அத்தைகளும் எண்ணைப் பார்த்துக்கொண்டு பாயில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்களாம். சண்டையைச் சேலை நிறத்துக்காக மிச்சம் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை எஸ்தர் அக்கா மத்தியானச் சோற்றை எடுத்துக்கொண்டு வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.

இனிமேல் முசரவாக்கத்துக் கோர்வையைத்தான் எல்லாரும் பயன்படுத்தவேண்டும் என்று துரைக்கண்ணு உத்தரவு போட்டார். உலகம் பூராவிலிருந்தும் ஆள் வந்து சும்மா வேலை செய்வான் என்றாயே, முசரவாக்கத்திலிருந்தே வந்துவிட்டார்களே என்று அவருக்கு ஒரே சந்தோஷம். பிரேம்நாத்தும் ஒத்துக்கொண்டார். உண்மையாகவே ஒத்துக்கொண்டார். ஒரு நாள் முழுக்க யாருக்கும் எந்த வசதியும் செய்யாமல் இருந்தார். எங்களுக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. டாக்டரிடம் கூட்டிப்போகலாமா என்று பேசிக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை சரியாகிவிட்டார். இன்றைக்கு ஒரு திரிஷா நகலெடுத்து மாற்றுகிறாள், நாளைக்கு முந்நூறு திரிஷா வருவார்கள், அவர்கள் மாற்றுவதையெல்லாம் வாங்கி, பிரித்து, அடுக்கி வைப்பதற்கு ஒரு ஏற்பாடு இருந்தால் அவர்களுக்கு எவ்வளவு வசதி என்று வெள்ளைப் பலகையில் கட்டம் போட ஆரம்பித்தார். வேணாம்ணா என்று திரிஷா போனில் சொன்னாள். தயவுசெய்து வேணாம்ணா என்றும் சொன்னாள். உனக்காகத்தானம்மா என்று பதில் போயிற்று.

நான் அவரைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கிண்டல்தான் செய்கிறேன், இருந்தாலும் நினைத்துவிடாதீர்கள். விடியற்காலையில் முசரவாக்கம் கூட்டுரோட்டில் வேனுக்கு நிற்கிறவர்கள் யாருக்கும் பிரேம்நாத் என்றால் யாரென்று தெரியாது. வேன் மட்டும் நேரத்துக்கு வருகிறது. அவருக்கு அது போதும். அதற்கு மேல் நூறு மண்டபம் கட்டுவதுதான் வியாதி.

சரி, அவர் கிடக்கட்டும். உங்கள் கதை என்ன? இதைப் படிக்கும்போது உங்களுக்கு யாரோ ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். மைத்துனராக இருக்கலாம், மேலதிகாரியாக இருக்கலாம். அவருக்கு இதை அனுப்பவேண்டும் என்று கை துறுதுறுத்திருக்கும். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அனுப்பப் போகும்போது, இந்த மாதிரி நல்ல விஷயங்களையெல்லாம் பகிர்ந்துகொள்ளத் தனியாக ஒரு குழு ஆரம்பித்துவிட்டால் எல்லாருக்கும் வசதியாக இருக்குமே என்று, ஒரே ஒரு நொடி, உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றியதென்றால் போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள். பக்கத்திலிருந்து யாரோ ரொம்ப நேரமாக உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.